மாப்பிள்ளை ஏறிய கூரை

கீழக்கரையில் மாப்பிள்ளையாக இருப்பதைப் போலச் சுகமான உத்தியோகம் உலகத்தில் வேறு கிடையாது. எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்ததும் ஆண்பிள்ளை தன் துணிமணியை எடுத்துக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டியது. அங்கே அவனுக்கு ஓர் அறை, ஒரு கட்டில், வேளை தவறாமல் பெரிய தட்டில் சோறு. அவன் செய்ய வேண்டியவை இரண்டே வேலைகள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டும். உள்நாட்டில் வாயைத் திறக்கக் கூடாது. முதல் வேலையை இருபத்து மூன்று வருடம் குறை சொல்ல முடியாதபடி செய்தேன். இரண்டாவதுதான் எனக்கு வரவே இல்லை.

மாப்பிள்ளைக்கு விலக்கப்பட்டவை வேறு சிலவும் உண்டு. அடுக்களைக்குள் கால் வைக்கக் கூடாது, அது பெண்களின் இடம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஏணியில் ஏறவே கூடாது. ஏறினால் மாமனார் மாப்பிள்ளையை வேலை வாங்குகிறார் என்று தெரு பேசும். இதையெல்லாம் மரியாதை என்பார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைப்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

என் மனைவி வீட்டின் முன்பகுதி பழைய காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். பின்னால் அடுக்களைக்கும் அதை ஒட்டிய தாழ்வாரத்துக்கும் தென்னங்கிடுகுதான் வேய்ந்திருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கடல் தாண்டிப் போய் முதலில் அனுப்பிய பணத்தில் மாமா, அதாவது என் மாமனார், அந்தக் கிடுகைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டார். போட்டோ எடுத்துக் கடிதத்தோடு அனுப்பினார். ஷீட்டுக்குக் கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கப்பல் வாங்கியவர் மாதிரி நிற்கிறார். "தீப்பிடிக்காது. கரையான் அரிக்காது. உப்புக் காத்து ஒண்ணும் செய்யாது. உங்க பேரப்புள்ளைக கலியாணத்துக்கும் இந்தக் கூரை இருக்கும்" என்று எழுதியிருந்தார். எனக்கு அப்போது பிள்ளையே பிறக்கவில்லை. ஆனாலும் அந்தப் போட்டோவைத் தொழிலாளர் கேம்ப்பில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். அன்றைக்கு எனக்கும் அவ்வளவுதான் அறிவு.

முதல் விடுமுறையில் வந்தபோது எல்லோரையும் போலச் சோப்பும் சென்டும் டார்ச்சும் கொண்டுவந்தேன். நான் அப்போது கேம்ப்பின் பாய்லர் அறையில் உதவியாள். அங்கே மிஞ்சிய கெட்டித் துணி ஒரு சுருட்டையும் பெட்டிக்குள் வைத்திருந்தேன். நெருப்பில் காட்டினாலும் கருகாத துணி. என் மனைவி பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிவைத்துத் தீக்குச்சியைக் கிழித்து அதன் மேல் பிடித்துக் காட்டினாள். "அல்லாஹ்வே, என்னடி இது!" என்று அவர்கள் கத்தியது முன் அறைக்குக் கேட்டது. சென்டைவிட அதற்குத்தான் கிராக்கி.

சில வருடம் கழித்துக் கம்பெனி தன் பழைய குடியிருப்புகளை இடிக்க ஆரம்பித்தது. என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஒரு மலையாளி ஃபோர்மேன். அவன் பேசிய தமிழில் பாதி மலையாளம், மீதி வசவு. முதல் நாளே எங்களை வரிசையாக நிறுத்தி, ஆஸ்பெஸ்டாஸ் என்பது சிமெண்ட் இல்லை, சிமெண்டுக்குள் கலந்திருக்கும் கல்நார் என்றான். கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகப் பறக்கும், மூச்சோடு உள்ளே போனால் திரும்பி வராது, நோய் இன்றைக்கோ நாளைக்கோ காட்டாது, இருபது முப்பது வருடம் கழித்துக் காட்டும் என்றான். ஷீட் சும்மா கிடந்தால் பெரிய வம்பு இல்லை. சுரண்டினால், துளைத்தால், அறுத்தால், உடைத்தால்தான் வம்பு. அதனால் முதலில் தண்ணீர் அடித்து நனைக்க வேண்டும். போல்ட்டை அறுத்து முழு ஷீட்டாக இறக்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்ட வேண்டும். தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், துடைப்பத்தைத் தொடவே கூடாது.

வெள்ளை உடையும் மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் மாஸ்க்கும் கொடுத்தார்கள். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, இடுக்கில் தூசி போகும் என்று தாடியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். அந்த வருடம் விடுமுறையில் மழித்த முகத்தோடு வந்து இறங்கிய என்னை மாமா ஏற இறங்கப் பார்த்தார். "என்ன மாப்புள, சினிமாவுல சேந்துட்டீங்களா?" என்றார். தெரு முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தது. மூச்சுக்காகத் தாடியை எடுத்தேன் என்று சொன்னபோது இன்னும் அதிகமாகச் சிரித்தது.

அந்த விடுமுறை நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரத்தில் அமைந்தது. எங்கள் ஊரில் நோன்புக்கு முன்னால் வீட்டைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். நல்ல வழக்கம்தான். கிடுகு இருந்த காலத்தில் கூரையைத் தொட வேண்டியதில்லை. ஷீட் வந்த பிறகு மாமாவுக்கு அதுவும் சுவர் மாதிரியே தெரிந்தது. வருடா வருடம் கூலியாளை மேலே ஏற்றி, மழையில் படிந்த கறுப்பைக் கம்பிப் பிரஷால் வறட்டு வறட்டென்று சுரண்டவைத்து, அதன்மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். வெயிலுக்குக் குளிர்ச்சியாம். நான் மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். சாம்பல் நிறத் தூசி புகை மாதிரி கிளம்பி, ஷீட் இடுக்கு வழியாக அடுக்களைக்குள் இறங்கியது. உள்ளே என் மனைவி கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தூசி விழ விழத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினாள். என் மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழே ஓடிவந்து மாமாவிடம் சொன்னேன். ஊசி, மூச்சு, இருபது வருடம், எல்லாம் சொன்னேன். அவர் வெற்றிலையை நிதானமாக மென்று முடித்துவிட்டு, "மாப்புள, இந்த ஷீட்டு ஆஸ்பத்திரில இல்லையா? பள்ளிக்கூடத்துல இல்லையா? கெவர்மெண்டுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு?" என்றார்.

"வெளிநாட்டுல இத எறக்குறதுக்கே சம்பளம் குடுக்குறாங்க மாமா."

"அங்கன பணம் இருக்கு, எறக்குறான். இங்கன வெயில் இருக்கு, போடுறோம். நீங்க போய்ச் சாப்புடுங்க."

இந்த ஞானத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. படித்தவர்களிடம் போய்ப் பார்த்தேன். கட்டடம் கட்டும் பொறியாளர் ஒருவர், உறவுக்காரர், என் பேச்சை முழுதும் கேட்டுவிட்டுத் தன் வீட்டுக் கார் ஷெட்டுக்கு எந்த ஷீட் நல்லது என்று என்னிடமே கேட்டார். ஓர் அலுவலகத்தில் பழைய ஷீட்டை எங்கே போடுவது என்று விசாரித்தேன். "ஒடச்சு ரோட்டுப் பள்ளத்துல போடுங்க பாய், எல்லாருக்கும் ஒதவும்" என்றார் அங்கிருந்தவர். நல்ல மனசுக்காரர். ஊருக்கே நோயைப் பங்கு வைக்கச் சொல்கிறார்.

அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் இதே கூத்து. நான் வந்து கத்துவேன், மாமா சிரிப்பார், விடுமுறை தீரும், நான் விமானம் ஏறுவேன். அங்கே போய் யாரோ ஒருவருடைய கூரையை வெண்ணெயை எடுப்பது போல அலுங்காமல் இறக்குவேன். இங்கே என் மனைவி தலைக்கு மேல் கம்பிப் பிரஷ் ஓடும். என் மாதிரி மடையன் எவனாவது இருப்பானா என்று எனக்கே ஆத்திரமாக வரும். ஆனால் ஊரை மடையர்கள் என்று சொல்லும் சத்தத்தில் அது அமுங்கிவிடும். அந்த வார்த்தையை நான் வாய் ஓயாமல் சொன்னேன். மனைவிக்கு எழுதிய கடிதங்களிலும் எழுதினேன். ஒங்க வாப்பா மடையன் என்று நேராக எழுதவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவளுக்கு இருமல் வந்தது. காலையில் எழுந்ததும் வறட்டு இருமல், சளி கிடையாது. ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர் அடுப்புப் புகை என்றார். கேஸ் அடுப்பு வாங்கினோம். இருமல் போகவில்லை. இன்னொரு டாக்டர் வயசு என்றார். நாற்பத்து மூன்று எல்லாம் ஒரு வயதா? எனக்கு உறுதியாகத் தெரியும், கூரைதான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

வெளிநாட்டை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்து சேர்ந்த வருடம் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி இந்த வீடு இனி அவளுக்குத்தான் போகும். புது மாப்பிள்ளை வருகிற வீட்டில் ஷீட் கூரையா என்று மாமாவுக்கு இப்போது வெட்கம் வந்துவிட்டது. கான்கிரீட் போடலாம் என்றார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. அடுத்த வாக்கியத்தில் கெடுத்தார். கடலாடிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரைப் பேசிவிட்டாராம், நாலு பேர் சம்மட்டியோடு வந்து ஒரே நாளில் உடைத்துத் தள்ளிவிடுவார்களாம், உடைந்த துண்டுகளைக் கொல்லைப் பள்ளத்தில் நிரப்பி அதன்மேல்தான் கலியாணப் பந்தியாம்.

"ஒடைக்கக் கூடாது மாமா. நனைச்சு, முழுசா எறக்கணும். நானே எறக்குறேன்."

"நீங்களா? பொண்ணுக்கு வாப்பா, கலியாணத்துக்கு முன்ன கூர மேல ஏறி நிப்பீங்களா? சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்தா என்ன சொல்வாங்க? மாமனாரு சோறு போடாம வேல வாங்குறாருன்னு என் மூஞ்சில காறித் துப்புவாங்க!"

"துப்பட்டும் மாமா. துப்பினா கழுவிக்கலாம்."

அவர் எழுந்துவிட்டார். நானும் எழுந்துவிட்டேன். அத்தனை வருட மரியாதை கிழிந்து தொங்கியது. அப்போது உள்கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. இருமிவிட்டுத்தான் பேசினாள்.

"வாப்பா, வீடு எம் பேர்லதான இருக்கு? அவங்க சொல்ற மாதிரியே எறக்கட்டும்."

அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மாஸ்க்குக்காக மறுபடி தாடியை எடுத்தேன். மகள் கலியாணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது மொழுமொழுவென்று வந்து நின்ற என்னைப் பார்த்துத் தெருவுக்குக் கொண்டாட்டம். மாப்பிள்ளை யார், மாமனார் யார் என்று அடையாளம் தெரியாதே என்றார்கள். கொத்தனார் வந்ததும் அவரிடம் ஒரு மாஸ்க்கைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டார்.

"பாய், நான் இருவது வருசமா ஷீட்டு ஒடைக்கிறேன். எனக்கு என்ன ஆயிருச்சு?"

"இருவது வருசம் ஆச்சுல்ல? இனிமேத்தான் ஆகும்."

அவர் மாஸ்க்கை மூக்குக்கு இறக்கினார்.

அடுக்களையில் இருந்த பாத்திரம் பண்டங்களை எல்லாம் முந்தின நாளே பெண்கள் எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டார்கள். தெருப் பக்க ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தேன். ஷீட்டின் மேல் ஏறி நடக்கவில்லை. ஒன்று, அது உடையும். இரண்டு, நனைந்தால் வழுக்கும். ஓரமாகச் சாரம் கட்டி, பலகை போட்டு நின்றோம். கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்புத் தூளைக் கரைத்து பயிருக்கு மருந்து அடிக்கும் பம்ப்பால் அடித்தேன். சோப்புத் தண்ணீர் ஷீட்டுக்குள் நன்றாக ஊறும். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீரே லாரியில் வருகிறது. இவன் கழற்றி எறியப் போகிற கூரையைக் குளிப்பாட்டுகிறான் என்று தெருமுனைவரை செய்தி போய்விட்டது. "சோப்பு மட்டும்தானா, தல தொவட்டி விடலையா?" என்று எதிர் மாடியிலிருந்து ஒருவர் கேட்டார். மாஸ்க்குக்குள் நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்காமல் போனது அவர் அதிர்ஷ்டம்.

போல்ட்டுகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தன. ஒவ்வொன்றாக ரம்பத்தால் அறுத்தோம். இரண்டு நாள் ஆனது. இரண்டு ஷீட்தான் விரிசல் விட்டது. இறக்கிய கையோடு பிளாஸ்டிக்கில் சுற்றினோம். அப்போதுதான் ஆட்டுக்கொட்டகைக்கு நாலு கொடுங்கள், குளியலறைக்கு இரண்டு கொடுங்கள் என்று ஆட்கள் வந்தார்கள். மாமா சிலருக்கு முன்னாடியே வாக்குக் கொடுத்திருந்தார் போலிருக்கிறது. ஒரு துண்டுகூடத் தர மாட்டேன் என்றேன். கஞ்சன் என்ற பட்டமும் அன்றைக்குக் கிடைத்தது. ஊருக்கு வெளியே என் மனைவிக்கு இருந்த பனங்காட்டில் ஆள் உயரத்துக்கு மேல் குழி தோண்டி, அத்தனையையும் இறக்கி மூடி, நாலு மூலையிலும் சிவப்பு அடித்த கல்லை நட்டேன். அங்கே யாரும் தோண்டக் கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வைத்தேன். குழியை மூடுவதற்கு முன்பே அடுக்களைச் சுவரையும் தரையையும் ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்திருந்தேன். துடைத்த துணியும் குழிக்குள் போனது.

அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. ஒரு ஊர் முழுக்கச் சிரித்தது, ஒருத்தன் செய்து காட்டினான். மாமா தாழ்வாரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து துடைத்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

சாயங்காலம் பெண்கள் பாத்திரங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். என் மனைவி திறந்த வானத்துக்குக் கீழே அதே அடுக்களையில் அடுப்பு மூட்டி டீ போட்டாள். கலியாணமாகி இருபத்தைந்து வருடத்தில் நான் முதல் தடவையாக அவள் அடுக்களைக்குள் நின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் மாஸ்க் தொங்கியது. கொதிக்கிற பாத்திரத்தை இறக்க அவள் இடுப்பில் செருகியிருந்த ஒரு துணியை உருவினாள். தடித்த, வெளுத்த, ஓரம் பிய்ந்த துணி. பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, பழக்கமாகச் செய்கிற மாதிரி, அதை வாசற்படியில் பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினாள். சாயங்கால வெயிலில் அதிலிருந்து பஞ்சு பஞ்சாகப் பறந்தது.

"அது என்ன?" என்றேன்.

"தெரியலையா? நீங்க மொத மொத வந்தப்ப கொண்டாந்தது. பாய்லர் துணி." அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். "இத்தன வருசமா இதுதான். பிஞ்ச எடத்த நான்தான் தச்சுத் தச்சு வச்சிருக்கேன். லாத்தாவுக்கு ஒண்ணு வெட்டிக் குடுத்தேன், எதுத்த வீட்டுக்கு ஒண்ணு. கடைசித் துண்டுல புள்ளைக்கு ரெண்டு தச்சு அவ பெட்டில வச்சிருக்கேன்."

ஷீட்டில் கல்நார் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கிறது. சுரண்டினால்தான் வெளியே வரும். அந்தத் துணியோ முழுக்கக் கல்நாரே. நூலே அதுதான். கேம்ப்பில் அந்த மாதிரித் துணி கண்ணில் பட்டால் ஃபோர்மேன் எங்களை அறையைவிட்டே விரட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். அதை நான் பெட்டியில் மடித்து வைத்து, விமானத்தில் கொண்டுவந்து, பரிசு என்று கொடுத்திருக்கிறேன். பின்னால் விஷயம் தெரிந்த பிறகும் அதை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. மாப்பிள்ளைதான் அடுக்களைக்குள் போக மாட்டானே.

வாளித் தண்ணீரை எடுத்து அவள் கையிலிருந்த துணியின் மேலேயே ஊற்றினேன். மகளின் பெட்டியில் இருந்ததையும் எடுத்து நனைத்தேன். பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினேன். அவளிடம் சொன்னேன், இது என்ன என்று. எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவள் ஈரக் கையோடு படியில் உட்கார்ந்தாள். இருமினாள். வெகுநேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வாப்பா தலைக்கு மேல போட்டாங்க" என்றாள், கோபமே இல்லாமல். "நீங்க எங் கையில குடுத்திருக்கீங்க."

தாழ்வாரத்தில் மாமா இருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். நான் பையைத் தூக்கிக்கொண்டு, அவள் அக்கா, அந்த லாத்தா வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் போய்க் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வெளியே நடந்தேன். மாப்பிள்ளையின் இரண்டாவது வேலை, வாயைத் திறக்காமல் இருப்பது, எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.